பல் நீட்டும் சக்கரம்

பழைய கணக்கு எந்திரம் சேர்ப்பவர்களிடம் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால், அனுபவசாலி முதலில் கைப்பிடியைத் தொடமாட்டார். பெயர்த்தகட்டைப் பார்ப்பார். எந்த ஊர், எந்த எழுத்து, என்ன எண், காப்புரிமை பற்றி ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். அதற்குக் காரணம் உண்டு. 1870களில் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஒரு வகை எந்திரம், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உள்ளுக்குள் பெரிதாக மாறவேயில்லை. ஊர், பேர், முதலாளி, மேலே பறந்த கொடி, இவைதான் மாறிக்கொண்டே போயின. மூடியைக் கழற்றி உள்ளே மட்டும் பார்த்தால் ஜார் காலத்து எந்திரம் எது, சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் காலத்து எந்திரம் எது என்று சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும். ஆகவே இதன் வரலாற்றைத் தகட்டில்தான் படிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது இதுதான். தட்டையான ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பில் ஒன்பது சிறு பற்கள். அவை உள்ளே பதுங்கவும் வெளியே நீளவும் கூடியவை. தகட்டின் மேல் ஒரு வளையம், வளையத்துக்கு ஒரு சின்ன நெம்பு. நெம்பை 4-க்கு நகர்த்தினால் நான்கு பற்கள் வெளியே வரும், 7-க்கு நகர்த்தினால் ஏழு. இப்படிப்பட்ட தகடுகள் ஒரே அச்சில் இலக்கத்துக்கு ஒன்றாக வரிசையாகக் கோத்திருக்கும். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் வெளியே நிற்கும் ஒவ்வொரு பல்லும் எதிரே இருக்கும் எண் சக்கரத்தை ஒரு படி தள்ளும். 347 என்று வைத்துச் சுற்றினால் 347 கூடும். எதிர்த்திசையில் சுற்றினால் 347 கழியும். இவ்வளவே.

பெருக்கலுக்கு எண் சக்கரங்கள் உள்ள வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். 347-ஐ 26-ஆல் பெருக்க ஒன்றாம் இடத்தில் ஆறு சுற்று, வண்டியை ஓர் இடம் தள்ளிப் பத்தாம் இடத்தில் இரண்டு சுற்று. விடைக் கண்ணாடியில் 9022 நிற்கும். கைப்பழக்கம் உள்ளவர்கள் 98-ஆல் பெருக்க வேண்டுமானால் பதினேழு சுற்று சுற்றமாட்டார்கள். நூறாம் இடத்தில் முன்னால் ஒன்று, ஒன்றாம் இடத்தில் பின்னால் இரண்டு. மூன்றே சுற்றில் வேலை முடிந்தது. வகுத்தல் என்பது கழித்துக்கொண்டே போவது. ஒரு சுற்று கூடுதலாகப் போய் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் மணி அடிக்கும். ஒரு சுற்று பின்னால் வந்து, வண்டியை நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டியதுதான். வர்க்கமூலம்கூட வரும். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 16. நான்கு எண்கள், ஆகவே 16-இன் மூலம் 4. இதைத் தலைகீழாக்கி, கொடுத்த எண்ணிலிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கழித்து, எத்தனை முறை கழித்தோம் என்பதைச் சுற்று எண்ணும் கண்ணாடியில் படித்துக்கொள்ளலாம்.

உண்மையான சாமர்த்தியம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தை எழுதிக் கையில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் சொன்னோமே, அந்தக் ‘கையில் ஒன்று’ இரும்புக்கு எப்படித் தெரியும்? ஓர் எண் சக்கரம் 9-இலிருந்து 0-வுக்குத் தாண்டும்போது பக்கத்தில் உள்ள சிறு நாக்கு ஒன்றைத் தள்ளிவிடும். அந்த நாக்கு அடுத்த தகட்டில் இருக்கும் ஒரு கூடுதல் பல்லைச் சாய்க்கும். சாய்ந்த பல் அடுத்த எண் சக்கரத்தை ஒரு படி தள்ளும். 99999-உடன் 1 கூட்டும்போது இது ஐந்து இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். அதனால் அந்தக் கூடுதல் பற்களை ஒரே நேர்கோட்டில் வைக்காமல், ஒவ்வொரு தகட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தள்ளி வைத்திருப்பார்கள். ஒரே சுற்றுக்குள் அலை போவதுபோல் இடம்விட்டு இடம் தாவிவிடும். மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொன்றும் விழும் ஓசை தனித்தனியாகக் கேட்கும். எனக்கு இந்த எந்திரத்தின் மேல் பைத்தியம் பிடித்ததே அந்த ஓசையால்தான்.

இதைச் செய்தவர் வில்காட் தியோஃபில் ஓத்னர். 1845-இல் ஸ்வீடனில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமலேயே 1868-இல் பிழைப்புத் தேடிப் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே லுட்விக் நோபலின் ஆலையில் வேலை கிடைத்தது. பரிசு வைத்த ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன்தான் லுட்விக். 1871-இல் ஒரு பிரெஞ்சுக் கணக்கு எந்திரம் பழுதுபார்க்க ஓத்னரிடம் வந்தது. அது காப்பீட்டு நிறுவனம் நடத்திய தாமஸ் த கோல்மார் 1820-இல் காப்புரிமை வாங்கி, 1850களிலிருந்து தொடர்ந்து செய்து விற்றுவந்த அரித்மோமீட்டர். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் யோசித்த, படிப்படியாக நீளம் மாறும் பற்கள் கொண்ட படிநிலை உருளைதான் அதற்கும் அடிப்படை. உருளை நீளமாக இருக்கும்; இலக்கத்துக்கு ஒரு நீள உருளை என்றால் எந்திரம் மேசையையே அடைத்துக்கொள்ளும். கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறத் தனியாக ஒரு விசையைத் தள்ள வேண்டும். பழுதுபார்த்துக் கொடுத்த ஓத்னருக்கு இதைவிடச் சுருக்கமாகச் செய்யலாம் என்று தோன்றியது. நீள உருளைக்குப் பதிலாக மெல்லிய தகடு என்பதே அவர் கண்ட மாற்றம். அகலம் சட்டென்று குறைந்தது, விலையும் கூடவே குறைந்தது.

பல் நீட்டும் சக்கரம் என்ற எண்ணம் முழுக்க ஓத்னருடையது என்று சொல்லிவிட முடியாது. பதுவா நகரத்துப் பேராசிரியர் ஜொவான்னி பொலேனி 1709-இலேயே இப்படி ஒரு மரப்பொறியை விவரித்து நூலில் அச்சிட்டார். வியன்னாவில் ஆன்டன் பிரவுன் செய்த நேர்த்தியான எந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தன்னுடையதைத் தானே உடைத்துப்போட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அமெரிக்காவில் ஃபிராங்க் பால்ட்வின் 1875-இல் இதே வகைக்குக் காப்புரிமை வாங்கினார். ஓத்னருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1878-இல். எனவே யார் முதல் என்ற வழக்கை அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் கேட்டால் ஒரு தீர்ப்பு, ஐரோப்பியரிடம் கேட்டால் வேறு தீர்ப்பு. என் அபிப்பிராயத்தில், யோசித்தவர்கள் பலர். அன்றாடம் அலுவலகத்தில் பாடுபடும் பொருளாக்கியவர் ஓத்னர்.

அதுவும் உடனே நடக்கவில்லை. நோபல் ஆலையில் 1877 வாக்கில் செய்தவை வெறும் 14 எந்திரங்கள். பிறகு நீண்ட இடைவெளி. ஓத்னர் ரஷ்ய அரசின் நோட்டு அச்சகத்தில் வேலை பார்த்தார், சிகரெட் செய்யும் எந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார். சொந்தப் பட்டறையில் கணக்கு எந்திரத்தை வரிசையாகச் செய்யத் தொடங்கியது 1890-இல்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

அங்கிருந்து முதல் கிளை ஜெர்மனிக்குப் போனது. பிரவுன்ஷ்வைக் நகரில் கிரிம்மே, நத்தாலிஸ் என்ற கம்பெனி தையல் எந்திரம் செய்துகொண்டிருந்தது. 1892-இல் அவர்கள் ஓத்னரிடமிருந்து ஜெர்மானிய உரிமையை வாங்கினார்கள். ஊரின் லத்தீன் பெயரான பிரன்ஸ்விகா என்பதையே எந்திரத்துக்கு வைத்தார்கள். ஃபிரான்ஸ் டிரிங்க்ஸ் என்ற பொறியாளர் இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மாதிரிமேல் மாதிரியாக மெருகேற்றினார். ‘எஃகு மூளை’ என்று விளம்பரம் செய்தார்கள். லண்டனில் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் புள்ளியியல் அட்டவணைகளுக்குப் பின்னால் பிரன்ஸ்விகாக்கள் சுழன்றன. நில அளவைக்காரர்களுக்காக இரண்டு எந்திரங்களை ஒரே கைப்பிடியில் பிணைத்த இரட்டை பிரன்ஸ்விகாவும் வந்தது. ஒரே நேரத்தில் ஒரு புள்ளியின் இரண்டு அச்சுத் தூரங்களையும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சேகரிப்பு என்ற விஷயத்திலும் டிரிங்க்ஸுக்கு ஒரு பங்கு உண்டு. போட்டியாளர்கள் செய்ததும் பழங்காலத்தில் செய்ததுமாகக் கணக்கு எந்திரங்களைத் தேடித் தேடிக் கம்பெனிக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் சேர்த்தார். காப்புரிமை வழக்குகளுக்குச் சான்றாக உதவும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். எதற்காகச் சேர்த்தால் என்ன, சேர்த்தாரே! 1925-இல் எர்ன்ஸ்ட் மார்ட்டின் ஜெர்மன் மொழியில் கணக்கு எந்திரங்களின் வரலாற்றை ஆண்டு வரிசையில் ஒரு நூலாக்கினார். 1992-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்ட அது இன்றுவரை சேகரிப்பாளர்களின் கைநூல். பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் சொன்னதையே எழுதியது போன்ற தொனி அதில் உண்டு. புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும்.

ஓத்னர் 1905-இல் இறந்தார். பிள்ளைகளும் மருமகனும் பீட்டர்ஸ்பர்க் தொழிற்சாலையை நடத்தினார்கள். 1917-இல் புரட்சி. குடும்பம் ஸ்வீடனுக்குத் திரும்பி கோத்தன்பர்க் நகரில் தொழிலை மறுபடி தொடங்கியது. இதற்குள் ஐரோப்பா முழுக்க ஓத்னர் எந்திரத்தின் நகல்கள் மலிந்துவிட்டதால் தகட்டில் ‘ஒரிஜினல் ஓத்னர்’ என்று பொறித்தார்கள். நம் ஊர் மிட்டாய்க் கடை வாசலில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்று தொங்கும் பலகைதான் நினைவுக்கு வரும். கிளைகளோ எக்கச்சக்கம். துப்பாக்கிக்குப் பேர்போன வால்தர் கம்பெனி முதல் உலகப் போருக்குப் பின் இதைச் செய்தது. டிரையம்ஃபேட்டர், தேலிஸ் என்று ஜெர்மனியில் மட்டுமே பல. கலிஃபோர்னியாவில் மார்ச்சன்ட் கம்பெனியின் ஆரம்பகால எந்திரங்களும் இந்த வகைதான்.

ரஷ்யாவில் விட்டுவந்த கிளைதான் எல்லாவற்றிலும் பெரிதாக வளர்ந்தது. 1920களில் உற்பத்தி மாஸ்கோவில், ஜெர்ஷின்ஸ்கி பெயர் தாங்கிய ஆலையில் மீண்டும் தொடங்கியது. ஃபெலிக்ஸ் ஜெர்ஷின்ஸ்கி சோவியத் ரகசியப் போலீசை உருவாக்கியவர். அவர் முதல் பெயரையே எந்திரத்துக்கும் சூட்டினார்கள். ஜனங்கள் அவரை ‘இரும்பு ஃபெலிக்ஸ்’ என்பார்கள். எந்திரத்துக்கும் அதே செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை வெவ்வேறு குரலில்தான் உச்சரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கூர்ஸ்க், பென்சா ஆலைகளிலும் ஃபெலிக்ஸ் பல லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டது. பொறியாளர், கணக்குப்பிள்ளை, மாணவர் என்று எல்லார் மேசையிலும் அது இருந்தது. வேலைப்பாடு பிரன்ஸ்விகா அளவுக்கு நயமானதல்ல, கைப்பிடி கரகரக்கும். ஆனால் லேசில் உடையாது.

கிழக்கே ஒசாகாவில் ஓமோத்தோ தொராஜிரோ 1923-இல் இதே வகையில் ஜப்பானிய எந்திரம் ஒன்றைச் செய்தார். தன் பெயரில் இருக்கும் ‘தொரா’வை, அதாவது புலியை, முத்திரையாக வைத்தார். ஜனங்கள் வெளிநாட்டுச் சரக்கைத்தான் நம்புகிறார்கள் என்று தெரிந்ததும் அதே புலியை ‘டைகர்’ ஆக்கினார். பிறகு நன்றாக விற்றது. 1970 வரை டைகர் எந்திரங்கள் வந்துகொண்டிருந்தன.

ஓத்னர் மரபில் பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது ஸ்வீடனின் ஓத்விதாபர்க் என்ற சிற்றூரில் நடந்தது. அங்கிருந்த ஃபேசிட் கம்பெனியில் கார்ல் ரூடின் 1932-இல் நெம்புகளை எடுத்துவிட்டுப் பத்தே விசைகள் வைத்தார். இலக்கத்துக்கு ஒரு நெம்பை நகர்த்துவதற்குப் பதில், எண்ணை வரிசையாகத் தட்டினால் போதும். உள்ளே இயங்கியது பல் நீட்டும் சக்கரம்தான். 1942-இல் ஃபேசிட் ஒரிஜினல் ஓத்னர் கம்பெனியையே வாங்கிவிட்டது.

இந்த ஃபேசிட்தான் நம் ஊர்வரை வந்தது. கல்லூரிகளின் புள்ளியியல் துறைகளில் செய்முறைத் தேர்வு என்றால் ஃபேசிட் மிஷினும் கைப்பிடியும்தான். ஒரு கூடம் முழுக்க மாணவர்கள் திட்டவிலக்கம் கண்டுபிடிக்கச் சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாது என்று அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் சொல்வார்கள். சென்னை பெருங்குடியில் ஃபேசிட் ஏசியா என்ற பெயரில் ஆலையே இருந்தது. ஆனால் அந்தப் பெயர் தமிழ்நாட்டில் நிலைத்தது தட்டச்சு எந்திரத்தால். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு ஃபேசிட் என்றால் ரெமிங்டனுக்குப் போட்டி. அது கணக்கும் போட்ட கம்பெனி என்பது பலருக்குத் தெரியாது.

இனித் தகட்டுக்கு வருவோம். ரஷ்ய எந்திரம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் காலத்தைக் குறுக்க மூன்று சாட்சிகள் உண்டு. முதலாவது ஊர்ப் பெயர்: 1914 வரை பீட்டர்ஸ்பர்க், பிறகு பெத்ரோகிராத், 1924-இலிருந்து லெனின்கிராத். இரண்டாவது எழுத்து. பழைய ரஷ்ய எழுத்துமுறையில் மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் ஒலியில்லாத ஓர் எழுத்தைக் கட்டாயம் போடுவார்கள்; 1918 சீர்திருத்தம் அதைச் சொல்லின் கடைசியிலிருந்து நீக்கியது. அந்த எழுத்து தகட்டில் இருந்தால் ஜார் காலத்துச் சரக்கு என்று பெரும்பாலும் நம்பலாம். மூன்றாவது வரிசை எண். அது அடிச்சட்டத்திலும் இருக்கும், தகட்டிலும் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் இரண்டு எந்திரங்களை உடைத்து யாரோ ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அடிக்கடி நடப்பது வேறு ஒரு குழப்பம்: தகட்டில் பொறித்த காப்புரிமை ஆண்டை எந்திரம் செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வது. 1890-இன் காப்புரிமையை இருபது ஆண்டு கழித்துச் செய்த எந்திரமும் தாங்கியிருக்கலாம்.

குறிப்பேட்டில் அடுத்து எழுத வேண்டியது கொள்ளளவு. ஃபெலிக்ஸ் என்றால் 9×8×13: வைக்கும் எண்ணுக்கு ஒன்பது இலக்கம், சுற்று எண்ணிக்கைக்கு எட்டு, விடைக்குப் பதின்மூன்று. ஒரே பெயரில் வெவ்வேறு கொள்ளளவில் எந்திரங்கள் வந்திருப்பதால் பெயர் மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை. பான் நகரிலுள்ள அரித்மேயும் போன்ற அருங்காட்சியகத்தில் இவற்றை வரிசையாகக் கண்ணாடிக்குள் பார்க்கும்போதுதான் ஒரே உடம்பு எத்தனை அளவில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. பேராசிரியர் பெர்ன்ஹார்ட் கோர்ட்டேயின் சேகரிப்பிலிருந்து வளர்ந்து 1999-இல் திறந்த இடம் அது.

காயலான் கடையிலோ பழைய அலுவலக ஏலத்திலோ இப்படி ஒன்று கிடைத்தால் செய்யக் கூடாதவைதான் அதிகம். கைப்பிடி சிக்கினால் பலம் காட்டக் கூடாது. ஒரு சுற்றைத் தொடங்கினால் முடித்த பிறகுதான் வண்டி நகரும். பழைய உரிமையாளர் பாதிச் சுற்றில் விட்டிருப்பார், அதுதான் பூட்டிக்கொண்டிருக்கும். உறைந்துபோன பழைய கிரீசை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டாலே பாதி எந்திரங்கள் பிழைத்துக்கொள்ளும். பித்தளைத் தகட்டைப் பளபளப்பாக்கித் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எழுத்தின் உள்ளே இருக்கும் கறுப்பு மசியும் சேர்ந்து போய்விடும், அதோடு சாட்சியும் போயிற்று. கறுப்பு எனாமலை உரித்துப் புதிதாகப் பெயின்ட் அடிப்பது அதைவிடக் கேடு. மூடியின் உள்பக்கம் மெக்கானிக் கீறி வைத்த தேதி, கையெழுத்துச் சுருக்கம், அடியில் ஒட்டிய அலுவலகச் சொத்துச் சீட்டு, எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகுதான் திருகாணியில் கைவைக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் இருந்த வரைக்கும்தான் எந்திரம் கம்பெனியின் கதை. அதற்குப் பிறகு எந்த மேசையில் என்ன கணக்குப் போட்டது என்பதைச் சொல்ல இந்தக் கீறல்களை விட்டால் வேறு ஆளில்லை. நம் நாட்டில் ஓடிய ஃபேசிட்டுகளுக்கு இதுவரை ஒரு முறையான பட்டியல் என் கண்ணில் பட்டதில்லை.

இந்தச் சக்கரத்தின் முடிவும் அதன் சொந்த வீட்டிலிருந்தேதான் வந்தது. ஜப்பானில் ஓத்னர் வகைக் கைச்சுற்று எந்திரங்களைச் செய்துகொண்டிருந்த இன்னொரு கம்பெனி நிப்பான் கால்குலேட்டிங் மெஷின். பிற்பாடு பிசிகாம் என்று பெயர் மாறியது. அவர்கள் 1969-இல், தங்கள் புதிய மின்னணு கால்குலேட்டருக்குச் சில்லுகள் செய்துதரச் சொல்லி அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கியிருந்த இன்டெல் கம்பெனியிடம் போனார்கள். அதிலிருந்து 1971-இல் பிறந்தது 4004 என்ற முதல் வணிக நுண்செயலி. பணத்துக்குச் சிரமப்பட்ட பிசிகாம், விலைச் சலுகைக்காகச் சில்லின் தனியுரிமையை விட்டுக்கொடுத்தது. இன்டெல் கொடுத்தது 60,000 டாலர். 1974-இல் பிசிகாம் திவாலானது. ஓத்விதாபர்க்கின் ஃபேசிட்டும் அதே ஆண்டுகளில் ஜப்பானிய மின்னணு கால்குலேட்டர்களின் முன் நிலைகுலைந்து எலெக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. கூர்ஸ்க் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. 4004 வந்து ஏழு ஆண்டுகள் கழித்தும், 1978 வரை, அங்கே ஃபெலிக்ஸ் செய்துகொண்டிருந்தார்கள்; கொள்ளளவு அதே 9×8×13.